தண்ணீர் வற்றிய பிறகு அடுப்பில் என்ன நடக்கிறது?

கேள்வி: ஐயா, நான் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்ப்பவள். சென்ற வாரம் அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீரை நடுத்தரத் தீயில் வைத்துவிட்டு, அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். பேச்சு நீண்டுவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து ஏதோ கருகும் வாடை வரவே ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் சொட்டுக்கூட இல்லை. பாத்திரத்தின் அடி ஊதாவும் நீலமுமாக மாறியிருந்தது. பிடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் அதைத் துணியால் பிடித்துத் தூக்கித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தேன். பெருத்த சத்தத்துடன் ஆவி கிளம்பி மணிக்கட்டைப் பொசுக்கிவிட்டது. பற்பசை தடவிக்கொண்டேன். பாத்திரம் தீய்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்கிறார் என் மாமியார். இனி உன்னை நம்பி அடுப்பைப் பற்றவைக்கவே முடியாது என்கிறார் கணவர். இது உண்மையிலேயே ஆபத்தான நிகழ்ச்சியா, அல்லது ஒரு பாத்திரம் வீணானதோடு முடிந்த விஷயமா? அந்தப் பாத்திரத்தை மீண்டும் பயன்படுத்தலாமா? இண்டக்ஷன் அடுப்புக்கு மாறிவிட்டால் இந்தக் கவலை தீருமா?

தீத்தடுப்பு ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அது அந்த நீல நிறத்தில் இருக்கிறது. எவர்சில்வரைக் காற்றுப்படச் சூடாக்கும்போது அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. சூடு ஏற ஏறப் படலம் தடித்து நிறமும் மாறுகிறது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் வெளிர் மஞ்சளாகவும், 400 டிகிரியை ஒட்டிப் பழுப்பாகவும், 450 டிகிரியளவில் ஊதாவாகவும், 550 டிகிரியை நெருங்கும்போது நீலமாகவும் தெரியும். உலோகத் தொழிலில் இருப்பவர்கள் இந்த நிறங்களைப் பார்த்தே ஓர் உருப்படி எவ்வளவு சூடு கண்டது என்பதைக் கணித்துச் சொல்வார்கள். ஆகவே நீங்கள் ஓடிவந்து பார்த்தபோது அந்தப் பாத்திரத்தின் அடி 500 டிகிரியைச் சுற்றி இருந்திருக்க வேண்டும். பருத்தித் துணி ஏறத்தாழ 400 டிகிரியில், தீப்பொறி எதுவும் படாமலேயே, தானாகப் பற்றிக்கொள்ளக்கூடியது. நீங்கள் பிடித்த துணியின் தொங்கும் முனை பாத்திரத்தின் அடியில் பட்டு நின்றிருந்தால் இந்தக் கடிதம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அடிகனமான எவர்சில்வர் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றின் அடிப்பகுதி முழுக்க எவர்சில்வரால் ஆனதல்ல. சூடு சீராகப் பரவுவதற்காக இரண்டு தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து அழுத்தியிருப்பார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். வெறும் பாத்திரம் முழுத் தீயில் நெடுநேரம் நின்றால் உள்ளிருக்கும் அலுமினியம் இளகி, பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் தகடுகளுக்கு நடுவே தேங்கி நிற்கும். யாராவது பாத்திரத்தைத் தூக்கும் நொடியில் அடித்தகடு கழன்று, உருகிய உலோகம் கால்மீதோ தரைமீதோ கொட்டும். நடுத்தரத் தீயில் வைத்திருந்ததால் உங்கள் பாத்திரம் அந்தக் கட்டத்தை எட்டவில்லை. ஆனால் எட்டுவதற்கு வெகுதூரம் இருந்தது என்று சொல்வதற்கில்லை.

எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று உங்கள் மாமியார் சொல்வது ஒரு வகையில் சரி. பாத்திரம் தீய்ந்துபோன நிகழ்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவை பாத்திரத்தோடு முடிந்துவிடுகின்றன. அப்படி முடிவதற்குக் காரணம், நாம் அடுப்பில் வைத்துவிட்டு மறப்பதில் பாதிக்குமேல் தண்ணீர் சேர்ந்த பொருளாக இருப்பதுதான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைக் காப்பாற்றியது எது, அடுத்த முறை காப்பாற்றாமல் போகக்கூடியது எது என்பது இதில்தான் விளங்கும்.

தண்ணீர் கொதிக்கும்வரை சூடேறுகிறது. கொதிக்கத் தொடங்கியதும் அதன் வெப்பநிலை 100 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு அடுப்பு கொடுக்கும் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. அறை வெப்பநிலையில் உள்ள ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 315 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். நடுத்தரத் தீயில் எரியும் பர்னர் 2 கிலோவாட் வெப்பம் தருவதாகவும், அதில் பாதி பக்கவாட்டில் வீணாகி மீதிப் பாதி பாத்திரத்துக்குள் போவதாகவும் வைத்துக்கொண்டால், உங்கள் அரை லிட்டர் தண்ணீர் மூன்று நிமிடத்துக்குள் கொதித்திருக்கும். முழுவதும் வற்ற அதன் பிறகு ஏறத்தாழ 19 நிமிடம் பிடித்திருக்கும். அந்த 19 நிமிடமும் பாத்திரத்தின் அடி 100 டிகிரியை விட்டு அதிகம் மேலே போகவில்லை. தண்ணீர்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. கடைசிச் சொட்டும் போன பிறகு தடுக்க எதுவும் இல்லாததால், நான்கைந்து நிமிடத்துக்குள் அடி 300 டிகிரியைக் கடந்து மேலே போய்க்கொண்டே இருந்திருக்கும். முக்கால் மணி நேரத்தில் பிந்தைய பாதி முழுவதும் வெறும் பாத்திரம்தான் எரிந்திருக்கிறது.

ஆகவே, தண்ணீரின் அளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். ஒரு லிட்டர் வைத்தால் அவகாசம் இரட்டிப்பாகும், ஒரு டம்ளர் வைத்தால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. கெட்டியான பண்டமாக இருந்தால் கதை இன்னும் சிக்கலானது: மேலே தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ஈரம் வற்றிக் கருகத் தொடங்கிவிடும். ஆகவே, மேற்பரப்பில் கொதி தெரிவதை வைத்து அடியும் பத்திரமாக இருப்பதாக எண்ணிவிட முடியாது.

இப்போது தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பார்ப்போம். எண்ணெய்க்கு 100 டிகிரியில் நின்று காத்திருக்கும் பழக்கம் கிடையாது. பொரிப்பதற்கு வேண்டிய சூடு 170 முதல் 190 டிகிரி வரை. சுத்திகரித்த எண்ணெய் வகைகளில் பல 200 முதல் 240 டிகிரிக்குள் புகையத் தொடங்குகின்றன. 360 முதல் 400 டிகிரிக்குள், தீக்குச்சியோ பொறியோ இல்லாமலே, எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்கிறது. மேலே சொன்ன அதே பர்னரில் அரை லிட்டர் எண்ணெயை வைத்தால், பொரிக்கும் சூட்டிலிருந்து பற்றும் சூட்டுக்குப் போக ஐந்து நிமிடம் தாராளம். தீயைக் கூட்டி வைத்திருந்தால் அதுவும் வேண்டாம். எண்ணெயின் அளவு குறையக் குறைய இந்த நேரமும் சுருங்கும்; தாளிப்பதற்காகக் கரண்டியில் ஊற்றிய எண்ணெய் ஒரு நிமிடத்துக்குள் புகைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் தொலைபேசிப் பேச்சில் முதல் பத்து நிமிடத்துக்குள் எண்ணெய்ச் சட்டி தீப்பந்தமாகியிருக்கும் என்று நான் எழுதுவதில் மிகை எதுவும் இல்லை.

இதனால்தான் எண்ணெயைப் பொறுத்தவரை எனக்கு விதிவிலக்கு என்ற பேச்சே கிடையாது. எண்ணெய் அடுப்பில் இருக்கும்வரை நீங்கள் அதன் முன்னால் இருக்க வேண்டும். வாசல் மணி அடித்தாலும், குழந்தை அழுதாலும், முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். புகை வரத் தொடங்குவது கடைசி எச்சரிக்கை. அதைக் கண்டதும் தீயைக் குறைப்பது போதாது, அணைத்துவிட வேண்டும்.

ஒருவேளை எண்ணெய் பற்றிக்கொண்டால் செய்ய வேண்டியதைப் பதற்றம் இல்லாத இந்த நேரத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. ஊற்றியதும் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, அங்கிருக்கும் 350 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நொடிக்குள் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,700 லிட்டர் இடம் கேட்கும். அந்த வேகத்தில் மேலிருக்கும் எண்ணெய் முழுவதும் நுண்துளிகளாகத் தூக்கி எறியப்பட்டு, ஒவ்வொரு துளியும் எரிந்தபடியே கூரைவரை நெருப்புத் தூணாக எழும்பும். ஈரமற்ற, பாத்திரத்தை முழுதும் மூடக்கூடிய உலோக மூடி ஒன்றை எடுத்து, உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடுங்கள். மேலிருந்து போட்டால் கை சுவாலைக்குள் போகும். திருகு எட்டும் இடத்தில் இருந்தால் அணையுங்கள். சுவாலையைத் தாண்டிக் கை நீட்டித்தான் எட்ட முடியும் என்றால் வேண்டாம், வெளியில் உள்ள ரெகுலேட்டரையோ மெயின் சுவிட்சையோ மூடலாம். மூடிய பிறகு திறந்து பார்க்கும் ஆவல் பலருக்கு வருகிறது. எண்ணெய் இன்னும் பற்றும் சூட்டிலேயே இருப்பதால், காற்றுப் பட்டதும் மறுபடி எரியும்; ஆகவே பாத்திரம் கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். எரியும் சட்டியை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாவற்றிலும் மோசமானது. கதவருகே காற்று முகத்தில் அடிக்கும்போது சுவாலை தூக்கிச் செல்பவரின் பக்கமே சாயும். மாவு தூவுவதும் கூடாது, அது எரியக்கூடிய பொருள். தீ பாத்திரத்தை விட்டு அலமாரிக்கோ திரைச்சீலைக்கோ தாவிவிட்டால் அணைக்க முயலாமல், எல்லாரையும் வெளியேற்றி, சமையலறைக் கதவை மூடிவிட்டுத் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

எண்ணெயும் இல்லாமல், பாத்திரமும் தீயாமல் வருகிற ஓர் ஆபத்து உண்டு. அதைப் பலர் ஆபத்தாகவே எண்ணுவதில்லை. பாலோ தண்ணீரோ பொங்கி வழிந்து சுடரை அணைத்துவிடும். அடுப்பு அணைந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் திருகு திறந்தே இருப்பதால் எரிவாயு வந்துகொண்டே இருக்கும். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது; அது தரையோடு தவழ்ந்து தாழ்வான மூலைகளில் தேங்கும். காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காட்டைத் தொட்டாலே பற்றிக்கொள்ளும் கலவையாகிவிடும். எரிவாயு வாடை வந்தால் விளக்குச் சுவிட்சையோ மின்விசிறிச் சுவிட்சையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; சுவிட்சுக்குள் எழும் சிறு பொறி போதும். திருகையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

குக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குக்கர் வைத்தவர்கள் விசிலை நம்பி வேறு வேலைக்குப் போவது வழக்கம். விசில் ஆவியால் அடிப்பது. ஆவி தண்ணீரால் வருவது. தண்ணீர் வற்றிவிட்டால், அல்லது கேஸ்கெட் வழியாக ஆவி கசிந்துகொண்டே இருந்தால், விசில் அடிக்காது. காதுக்கு எந்தச் சத்தமும் வராததால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உள்ளே குக்கர் காய்ந்துகொண்டிருக்கும். வழக்கமாக முதல் விசில் வரும் நேரம் கடந்தும் சத்தம் இல்லையென்றால் எழுந்து போய்ப் பாருங்கள். காய்ந்த குக்கரின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெயிட்டைத் தூக்காதீர்கள். அணைத்துவிட்டுத் தானாக ஆற விடுங்கள். பிறகு கேஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் புதிதாக மாற்றிய பின்பே அதை அடுப்பேற்ற வேண்டும்.

நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் விடுவது வேறொரு வகைக் கேடு. அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி, 350 டிகிரிக்கு மேல் வேகமாகச் சிதைந்து நச்சுப் புகையை வெளியிடும். அதைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், உடல்வலி வருவதுண்டு. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். கூண்டுப் பறவைகள் அந்தப் புகையில் சில நிமிடங்களிலேயே இறந்துவிடும். வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இனி நீங்கள் செய்ததற்கு வருவோம். காய்ந்த பாத்திரத்தைக் கண்டதும் தூக்கிக் குழாயடியில் போடுவது அநேகமாக எல்லாரும் செய்வதுதான். ஆனால் அன்று உங்களுக்குக் காயம் ஏற்பட்டது அதனால் மட்டுமே. 500 டிகிரி உலோகத்தின் மேல் விழுந்த தண்ணீர் ஆவியாகி வெடித்துக் கிளம்பியது. தொட்டியில் ஏற்கெனவே தண்ணீர் தேங்கியிருந்தாலோ, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாலோ முகத்தில் பட்டிருக்கும். கையில் இருந்த துணி ஈரமாக இருந்திருந்தால் அதன் வழியாகவே ஆவி உள்ளங்கையைச் சுட்டிருக்கும். பிடி புகைந்துகொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பேக்கலைட் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தச் சூட்டில் நொறுங்கி, தூக்கும்போதே கையோடு கழன்று வந்திருக்கக்கூடும். செய்ய வேண்டியது, சொல்லப்போனால், ஏறத்தாழ ஒன்றும் செய்யாமலிருப்பதுதான். திருகை மூடி, எரிவாயு வாடை இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், சன்னலைத் திறவுங்கள், பாத்திரத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் அழைத்துக்கொண்டு அந்த அறையை விட்டு வெளியேறுங்கள். அரை மணி நேரம் கழித்து வந்தால் போதும். கருகிய உணவின் புகையில் கார்பன் மோனாக்சைடும் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் பொருள்களும் இருப்பதால், அங்கேயே நின்று பாத்திரத்தைக் காவல் காக்கத் தேவையில்லை.

மணிக்கட்டில் பற்பசை தடவியதை நான் ஏற்கவில்லை. பற்பசையோ எண்ணெயோ பனிக்கட்டியோ சூட்டுக்காயத்துக்கு மருந்தல்ல. பற்பசை சூட்டை உள்ளேயே அடைத்து, மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடியாமலும் செய்துவிடுகிறது. வளையல், கடிகாரம், மோதிரம் எதுவாக இருந்தாலும் வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் அதற்குப் பலன் உண்டு. உங்கள் காயத்துக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. கொப்புளம் உடைந்திருந்தாலோ, சிவப்பு பரவினாலோ, மணிக்கட்டை மடக்கும்போது தோல் இழுத்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, நிறம் மாறியிருப்பது ஒரு குறையல்ல. அந்த நீலப் படலத்தில் உடலுக்குக் கேடு எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது அடியின் வடிவத்தைத்தான். சமமான கல் மேடையில் வைத்து விளிம்பில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, நடுவே புடைத்திருந்தாலோ, அடித்தகட்டுக்கும் பாத்திரத்துக்கும் இடையே நகக்கண் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தாலோ, தட்டும்போது ஓட்டைச் சத்தம் கேட்டாலோ அதை அடுப்பேற்ற வேண்டாம். இடைவெளிக்குள் புகுந்த தண்ணீர் அடுத்த முறை சூடாகும்போது ஆவியாகித் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வரலாம். உங்கள் பாத்திரம் அவ்வளவு சூடாகக் காய்ந்த நிலையில் குளிர்ந்த நீரைக் கண்டிருப்பதால், அடித்தகடு விட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன். அடி சரியாக இருந்தாலும் பிடியின் திருகாணியை இறுக்கிப் பார்த்து, பிடி நொறுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். நான்ஸ்டிக் பாத்திரம் இப்படிக் காய்ந்திருந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், தூக்கி எறிந்துவிடலாம்.

மூன்றாவது கேள்வி இண்டக்ஷனைப் பற்றியது. அதில் சுடர் இல்லை, எரிவாயு இல்லை, பாத்திரத்தைத் தூக்கினால் வெப்பம் நின்றுவிடும், பெரும்பாலானவற்றில் நேரம் குறித்து வைக்கவும் முடியும். இவையெல்லாம் மெய்யான வசதிகள். ஆனால் எண்ணெய் பற்றுவதற்குச் சுடர் தேவையில்லை என்று முன்பே பார்த்தோம். இண்டக்ஷனில் வெப்பம் நேராகப் பாத்திரத்தின் அடியிலேயே பிறப்பதால், கொஞ்சம் எண்ணெய் வைத்து உயர்ந்த சக்தியில் விட்டால் கேஸ் அடுப்பைவிட விரைவாகவே பற்றும் சூட்டை எட்டிவிடலாம். அதிகச் சூட்டைக் கண்டு அடுப்பைத் தானாக அணைக்கும் உணரி (சென்சார்) கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. பாத்திரத்தின் அடி வளைந்து கண்ணாடியைத் தொடாமல் நின்றால், நடுவிலிருக்கும் காற்று காரணமாக உணரிக்கு உண்மையான சூடு தெரியத் தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குள் எண்ணெய் எல்லை தாண்டிவிடக்கூடும். ஆகவே உங்கள் பழைய வளைந்த பாத்திரங்களோடு புதிய இண்டக்ஷன் அடுப்பை வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாறுவது என்றால் பாத்திரங்களையும் மாற்றுங்கள். மாறிய பின்னும் அடுப்பை விட்டு நகரும் சுதந்திரம் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

உங்கள் கணவரின் கோபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடுப்பை மறப்பது பொறுப்பின்மையால் வருவது என்று எண்ணுவதால்தான் பல வீடுகளில் திட்டு மட்டும் மிஞ்சி, ஏற்பாடு எதுவும் மாறாமல் இருக்கிறது. பிறகு செய்ய வேண்டிய ஒன்றை நினைவில் வைத்திருப்பது மனித மூளைக்குக் கடினமான வேலை. கவனம் முழுவதையும் கேட்கிற வேறொரு வேலை குறுக்கிட்டால் அது தானாகத் திரும்பி வராது. அலுவலக அழைப்பு அப்படிப்பட்ட வேலை. நீங்கள் முக்கால் மணி நேரம் போவதாக நினைத்து அடுப்பை விட்டுப் போகவில்லை. ஒரு நிமிடத்தில் வந்துவிடுவதாக நினைத்துத்தான் போனீர்கள். அநேகமாக எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். ஆகவே 'இனி கவனமாக இருப்பேன்' என்று உறுதி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடாமல், சமையலறை வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் திருகை மூடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி பற்றவைக்க இரண்டு நொடி ஆகும், கொதி அடங்கியிருந்தாலும் ஓரிரு நிமிடத்தில் திரும்பிவிடும். எண்ணெய் இல்லாத, நீர் நிறைந்த பண்டத்தைச் சிறு தீயில் வேக விட்டு அடுத்த அறையில் இருக்கத்தான் வேண்டும் என்றால், உடம்போடு எடுத்துச் செல்லும் தனி டைமர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். உங்கள் கவனத்தைப் பறித்ததே கைப்பேசி என்பதால் அதையே டைமராக நம்புவது சரிவராது. தண்ணீர் வற்றும் நேரத்தில் பாதியை அதில் வையுங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்திலும், அயர்வு தரும் மருந்து சாப்பிட்ட பிறகும் டைமர்கூடப் போதாது, அப்போது அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பதே நல்லது.

வெறும் தண்ணீரைக் கொதிக்க வைக்க அடுப்பே வேண்டாம் என்பேன். கொதித்ததும் தானாக அணைகிற, வெறுமனே காய்ந்தாலும் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்கிற மின்கெட்டில் அந்த வேலைக்குப் போதும். உங்கள் மாமியாரும் அடுப்பைப் பயன்படுத்துகிறவர் என்றால் அவருக்கும் அது உதவும். வயதானவர்கள் அடிக்கடி அடுப்பை மறக்கத் தொடங்கினால் அவர்களைச் சமையலறையை விட்டு விலக்குவதைவிட, குறித்த நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும் வால்வைப் பொருத்துவது மேல். மறதி அடுப்போடு நில்லாமல் மற்றக் காரியங்களிலும் தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புகையுணர் கருவியைச் சமையலறைக்குள் வைத்தால் ஒவ்வொரு தாளிப்புக்கும் அலறும், கடைசியில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே சமையலறைக்குள் வெப்ப உணரியையும், அடுப்பிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத தொலைவில் வெளியே புகையுணர் கருவியையும் பொருத்துங்கள். நீங்கள் வேலை செய்யும் அறைக்கதவு மூடியிருந்தாலும் சத்தம் கேட்கிறதா என்பதைச் சோதித்துப் பாருங்கள்.

அடுப்பையே மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு செய்தி பயன்படும். ஜப்பானில் 2008 அக்டோபர் முதல், வீட்டு உபயோகத்துக்கான கேஸ் அடுப்புகளில் பாத்திரத்தின் அடியைத் தொட்டு நிற்கும் வெப்ப உணரியும், சுடர் அணைந்தால் எரிவாயுவை நிறுத்தும் அமைப்பும் ஒவ்வொரு பர்னரிலும் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். எண்ணெய் பற்றும் சூட்டை எட்டுவதற்கு வெகுமுன்பே, 250 டிகிரியளவிலேயே, அந்த உணரி அடுப்பை அணைத்துவிடும். இத்தகைய உணரி உள்ள அடுப்பு கிடைத்தால் இண்டக்ஷனைவிட அதற்கே என் வாக்கு. கிடைக்காவிட்டால், சுடர் அணைந்தால் எரிவாயுவை நிறுத்தும் அமைப்பாவது எல்லாப் பர்னரிலும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்; சில அடுப்புகளில் அது ஒரே ஒரு பர்னருக்கு மட்டும் இருப்பதுண்டு. அந்த அமைப்பு, சுடரில் படும்படி நிற்கும் ஒரு சிறு உலோக முனையை நம்பி இயங்குவது. பொங்கி வழிந்தது அதில் படிந்து காய்ந்துவிட்டால் வேலை கெடும். பர்னரைத் துடைக்கும்போது அதையும் மெல்லத் துடைத்து, ஆண்டுக்கொரு முறை அடுப்பைப் பழுதுபார்க்க வருபவரிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.